பத்து வாட் போதாதா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆயாவின் படம் மாட்டியிருக்கிறது. மாலை போட்டு, கீழே ஒரு சின்ன விளக்கும் வைத்திருக்கிறோம். படத்தில் ஆயாவின் வலது கண் மட்டும் இருட்டாக இருக்கும். காவேரிப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு வளைகாப்பில் எடுத்த படம் அது. எடுத்தது மாமா. லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "சார்ஜ் போயிடும்டா, அந்த விளக்கை அணை" என்றார். அணைத்தேன். லைட் கொஞ்சம் உயரமாக, பக்கவாட்டில் இருந்திருக்கிறது. ஆயாவின் தடித்த மூக்குக் கண்ணாடிச் சட்டத்தின் நிழல் சரியாகக் கண்மேல் விழுந்துவிட்டது. நாலு மாதத்தில் ஆயா போய்விட்டார். அதைவிட நல்ல படம் வேறு இல்லை. (ஆதார் அட்டைப் படத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.)

அன்று அணைத்த அந்த விளக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கிறது.

ஸ்டுடியோ ஃபிளாஷ் அடிக்கும் வெளிச்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. அதற்குள் நிழல் எங்கே விழுந்தது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதனால் ஃபிளாஷ் குழாயின் பக்கத்திலேயே தொடர்ந்து எரியும் ஒரு விளக்கை வைத்தார்கள். அதுதான் மாடலிங் விளக்கு. நிழல் இப்படித்தான் விழப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மேலே கண்ணாடிக் கூரை, பிறகு பெரிய பெரிய பல்புகள். கண்ணால் பார்த்த வெளிச்சமே படத்திலும் வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள், முகத்தில் நிழல் எவ்வளவு பொறுமையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

மாமாவின் முதல் ஃபிளாஷ் கரண்டில் ஓடுவது. உள்ளே 150 வாட் ஹாலஜன் பல்பு. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தில் ஜெனரேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் அதைத் தூக்கிப் போவார். அப்புறம் பேட்டரி ஃபிளாஷ் வந்தது. அதில் இருப்பது 10 வாட் எல்.இ.டி. "பத்து வாட்டா? ராத்திரி பாத்ரூமுக்குப் போடற விளக்கு மாதிரி இருக்கு" என்பது அவருடைய தீர்ப்பு. தொழிலில் இருக்கும் மற்றவர்களும் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி "பெரிய விளக்கு உள்ளதா பார்த்து வாங்கு" என்கிறது, இன்னொரு கட்சி "அணைச்சு வை, சார்ஜாவது மிஞ்சும்" என்கிறது. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

கணக்கு பார்ப்போம், பிளஸ் டூ இயற்பியல்தான். ஒரு வாட் விளக்கு ஒரு நொடி எரிந்தால் ஒரு ஜூல். கோடாக்ஸ் ஏ.டி.600 ஃபிளாஷ் முழு பலத்தில் ஒரு தடவை அடித்தால் 600 ஜூல். அதிலுள்ள 10 வாட் விளக்கு ஒரு நிமிடம் எரிந்தாலும் அதே 600 ஜூல். அதாவது ஒரு நிமிட வெளிச்சத்தின் விலை ஒரே ஒரு ஃபிளாஷ். பேட்டரி ஒரு சார்ஜுக்கு 500 தடவை அடிக்கும் என்கிறார்கள். அரை மணி நேரம் விளக்கைப் போட்டு வைத்தால் அதில் 30 போகும், மிச்சம் 470. பழைய 150 வாட் பல்பை இதே பேட்டரியில் அரை மணி நேரம் எரித்தால்? 450 ஃபிளாஷுக்கான சக்தி. கடை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பின்னால் வந்த ஏ.டி.600 ப்ரோவில் 38 வாட் விளக்கு, ஃபிளாஷ் கணக்கு 360. அதை முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் விட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி. பெரிய விளக்கு கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

"டிஜிட்டல்தானே, ஒண்ணு எடுத்துப் பார்த்துக்கலாமே" என்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் முழு பலத்தில் பத்து சோதனைப் படம் எடுத்த சார்ஜில் அந்த விளக்கு பத்து நிமிடம் எரிந்திருக்கும். தவிர, எண்பது வயது கிழவியை "ஆயா, இன்னொரு வாட்டி" என்று எத்தனை தடவை உட்கார வைப்பது?

10 வாட் பலம் குறைவு என்பதும் முழு உண்மை இல்லை. ஒரு வாட்டுக்கு ஹாலஜனைவிட எல்.இ.டி. நாலைந்து மடங்கு வெளிச்சம் தரும். சூடும் குறைவு. எங்கள் பக்கத்து மே மாத வெயிலில், சாப்ட்பாக்ஸ் துணிக்குள் 150 வாட் பல்பும் எரிந்தால் கல்யாணப் பெண்ணின் மேக்கப் கழுத்துக்கு வந்துவிடும்.

இந்தச் சின்ன விளக்கின் அருமை எனக்குப் புரிந்தது கல்யாண வீட்டில் இல்லை, ஷூவில். மாமாவுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ சாம்பிள் படம் எடுக்கும் வேலை அவ்வப்போது வரும். பாலிஷ் போட்ட கறுப்புத் தோல் என்பது பாதிக் கண்ணாடி. அதில் சாப்ட்பாக்ஸின் பிம்பம் வெள்ளைக் கோடாக எங்கே விழுகிறது என்பதுதான் படமே. கோடு மூக்கிலிருந்து வளைந்து தையல் வரை இறங்கினால் ஷூவுக்கு உருவம் வரும். விரல்கடை தள்ளி விழுந்தால் கறுப்புக் கட்டி. அந்தக் கோடு விழும் இடம் விளக்கின் வாட்டைப் பொறுத்தது இல்லை. லைட், ஷூ, கேமரா இருக்கும் இடங்களை மட்டும் பொறுத்தது. 10 வாட்டில் தெரியும் கோடு ஃபிளாஷ் அடித்தாலும் அங்கேயேதான் இருக்கும். கறுப்புத் தோலில் கேமரா ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைவதும் இந்த விளக்கு இருந்தால் குறைகிறது.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நடுப்பகலில் ஏரிக்கரையில் இந்த விளக்கு எரிகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே அணைத்துவிடலாம், தப்பில்லை. ஆனால் வீட்டுக்குள் விளக்கு தெரியவில்லை என்றால் குற்றம் விளக்கின் மேல் இல்லை, தலைக்கு மேல் எரியும் இரண்டு டியூப் லைட்டின் மேல். அவற்றை அணைத்து ஜன்னலைச் சாத்துங்கள், 10 வாட்டில் மூக்கின் நிழல் கன்னத்தில் நகர்வது தெளிவாகத் தெரியும். அரையிருட்டில் கண்மணியும் விரிந்து படத்தில் கண் அழகாக விழும். ஃபிளாஷ் பலத்துக்கு முன்னால் இந்த விளக்கு படத்தில் பதியாது என்பதால் நிறம் மாறுமோ என்ற பயமும் வேண்டாம்.

வளைகாப்பு அன்று கூடத்தில் மூன்று டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது.

வருகிற ஞாயிறு ராணிப்பேட்டையில் ஷூ வேலை. மாமா வழக்கம்போல "அணைடா" என்பார். டியூப் லைட்டைத்தானே மாமா என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.