ஆத்தரின் லூசியை நாம் விசாரிக்கவில்லை

அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் படிக்க வந்து, அங்கேயே வேரூன்றிய தமிழர்கள் நாம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைச் சொல்வோம், அப்பா வாங்கிய கடனைச் சொல்வோம். ஆத்தரின் லூசியின் பெயர் நம் வாயில் வராது.

1956 பிப்ரவரியில், நீதிமன்ற உத்தரவோடு அலபாமா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிக்கச் சேர்ந்தார் அவர். அங்கே கால்வைத்த முதல் கறுப்பின மாணவி. மூன்றாவது நாள் வகுப்பன்று முட்டையும் கல்லும் வீசி ஒரு கும்பல் துரத்தியது. நிர்வாகம் கும்பலை விட்டுவிட்டு அவரை இடைநீக்கம் செய்தது, பாதுகாப்புக்காகவாம். நிர்வாகமும் இதற்கு உடந்தை என்று அவருடைய வழக்கறிஞர்கள் சொன்னதும், அதையே சாக்காக்கி ஒரேயடியாக நீக்கியது. அந்த ஆணை ரத்தாக 1988 ஆயிற்று. 1992-ல், 62 வயதில், அதே பல்கலைக்கழகத்தில் மகளோடு சேர்ந்து பட்டம் வாங்கினார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்துவிட்டோம். சம்பந்தம் உண்டு. முன்பெல்லாம் இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. அந்த முறையை ஒழித்த 1965 சட்டம், கறுப்பின மக்களின் போராட்டம் நாட்டையே உலுக்கியிருந்த நேரத்தில் வந்தது. அவர்கள் கல்லடி பட்ட வளாகங்களில் நாம் உதவித்தொகையோடு உட்கார்ந்தோம். 'படிப்பால் முன்னேறிய சமூகம்' என்ற பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டோம். அது யாரை மட்டம்தட்டச் சொல்லப்பட்டது என்று தெரியாதவர்களா நாம்?

வீடு வாங்கும்போது 'நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியா' தேடினோம். அதன் உள்ளர்த்தம் தரகருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் பழைய வழக்கத்தின் மறுபெயர்தான் அது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 1948-ல் முனைவர் படிப்புக்குச் சேர்ந்த கறுப்பின மாணவர் ஜார்ஜ் மெக்லாரினை வகுப்பை ஒட்டிய ஒதுக்கறையில் உட்காரவைத்தார்கள். நூலகத்தில் தனி மேசை, சாப்பிடத் தனி நேரம். உச்ச நீதிமன்றம் 1950-ல் அதை நிறுத்தியது. இரட்டைக் குவளை வைத்த கடைகளில் உறுத்தலின்றி டீ குடித்துவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (தனிக் குவளையில் குடித்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பேசவிட்டோமா என்பது இன்னொரு கணக்கு.)

இவர்களுக்கு அடுத்து அந்த வளாகங்களில் நுழைந்த கறுப்பின மாணவர்கள் பலர் எழுபது, எண்பது வயதில் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு மேயரைத் தேடிப்போய் அழைக்கிற நாம், அடுத்த முறை இவர்களில் ஒருவரை அழைத்து மைக்கைக் கொடுக்கலாம். சினிமாப் பாட்டு நடனங்களில் இரண்டைக் குறைத்தால் நேரம் கிடைத்துவிடும்.