சிங்க் குழாயில் ஒரு கிளாம்ப் துருப்பிடித்தால் படகே மூழ்குமா?

வீட்டுச் சமையலறையில் சிங்க் குழாய் ஒழுகினால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பிளம்பர் வரும்வரை காத்திருக்கலாம். பாய்மரப் படகில் அந்த வசதி கிடையாது. அங்கே சிங்க்கின் கழிவுக் குழாய் நேராகக் கடலுக்குள் போகிறது. பல படகுகளில் அது வெளியேறும் துளை, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்.

அமெரிக்காவில் 1970-களில் கேட்டலினா 27 போன்ற ஃபைபர் கிளாஸ் படகுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. அரை நூற்றாண்டு ஆகியும் அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. உடல் உறுதியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பரும் உலோகமும் அத்தனை காலம் தாங்காது.

எவ்வளவு தண்ணீர் வரும்?

நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். அதாவது நான்கைந்து குடம்! ஆள் இல்லாமல் துறையில் கட்டிக் கிடக்கும் படகுக்கு ஓர் இரவே போதும்.

எதை மாற்ற வேண்டும்?

சிங்க்கில் இரண்டு பக்கம் உண்டு. குடிநீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் கால் பம்ப் ஒன்று. அதன் ரப்பர் கிழிந்தால் தொட்டி காலியாகும், அவ்வளவுதான். ஆபத்து கழிவுப் பக்கத்தில். அங்கே பார்க்க வேண்டியவை மூன்று.

* ஹோஸ்: அழுத்தினால் விறைப்பாக இருந்தாலோ, வளைவில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும். வீட்டு சிங்க்குக்குப் போடும் மெல்லிய சுருள் பிளாஸ்டிக் குழாய் இங்கே கூடாது. படகுக்கென விற்கும் தடித்த ஹோஸ்தான் தேவை.

* கிளாம்ப்: பட்டை பளபளவென்று இருக்கும். திருகு மட்டும் துருப்பிடித்திருக்கும். திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. இணைப்பில் இடம் இருந்தால் இரண்டு கிளாம்ப் போடுவது வழக்கம்.

* வால்வு: கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்ல அரித்துப் போகும். மிஞ்சுவது செம்பு நிறத்தில், பொரபொரவென்று ஒரு கூடு. பார்க்க முழுசாக இருக்கும், தட்டினால் உடையும். அதனால்தான் வெண்கலம் அல்லது படகுக்கான உறுதியான பிளாஸ்டிக் வால்வைப் பரிந்துரைக்கிறார்கள்.

வேலை எந்த வரிசையில்?

முதலில் வால்வு மூடுகிறதா என்ற சோதனை. திறந்திருக்கும்போது சிங்க் தண்ணீர் இறங்க வேண்டும்; மூடினால் நிற்க வேண்டும். மூடிய பிறகும் இறங்கினால் ஹோஸில் கை வைக்கவே கூடாது. வால்வை மாற்றுவதானால் படகைக் கரையேற்றிய பிறகுதான்.

வால்வு நன்றாக மூடினாலும், துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பழைய ஹோஸ் இணைப்போடு ஒட்டிப் போயிருக்கும். திருகி, நெம்பி இழுத்தால் கீழே இருக்கும் வால்வு உடையலாம். கத்தியால் நீளவாக்கில் கீறி உரிப்பதே பாதுகாப்பு. அப்போதும் கீழே உள்ள உலோகத்தில் கத்தி ஆழமாகப் படக் கூடாது. புது ஹோஸின் முனையை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகி, எளிதாக ஏறிவிடும்.

எல்லாம் மாட்டியதும் வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவை அது காட்டிக் கொடுக்கும். மறுநாளும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பழக்கம் முக்கியம்

காற்றில் படகு ஒரு பக்கம் சாயும்போது, சில படகுகளில் கடல்நீர் இதே குழாய் வழியாக சிங்க்குக்குள் ஏறி வரும். அதனால் பாய் விரிக்கும் முன் வால்வை மூடுகிறார்கள். படகை விட்டு இறங்கும்போதும் அப்படியே. அடிக்கடி திறந்து மூடுவதால் வால்வும் இறுகிப் போகாது.

மரக்கட்டையை வேலை முடிந்ததும் பெட்டிக்குள் போட்டுவிடாமல், வால்வின் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். இருட்டில், முழங்கால் அளவுத் தண்ணீரில் தேடும்போது அது கைக்குக் கிடைக்க வேண்டுமே!