பட்டம் பெற்றவர் திரும்பிப் பார்க்கையில்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம், படித்து முடித்தால் என்ன வேலை என்பனவே எங்கும் பேச்சு. வாப்பா கணக்குப் பார்க்கிறார். உம்மா நகையை எடுத்து வைக்கிறார். வளைகுடா நாட்டிலிருந்து மாமா தொலைபேசியில் யோசனை சொல்லுகிறார். ஆனால், ஒருவரிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. அக்கல்லூரியிலேயே படித்துப் பட்டம் பெற்று, ஐந்தாறு ஆண்டுகளாக உலகத்தோடு மல்லாடிக்கொண்டிருக்கும் பட்டதாரியே அந்த ஒருவர். 'தம்பி, அந்த மூன்று ஆண்டுகள் உனக்கு என்ன தந்தன?' என்று அவரை நாம் கேட்பதில்லை. கேட்டால், 'வேலை கிடைத்ததா?' என்ற ஒற்றை வினாவோடு முடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்க நாட்டில் இவ்வினாவை முறைப்படி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேலப் என்னும் கருத்தாய்வு நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் இணைந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் கேட்டறிந்த முடிவுகளை 2014-ஆம் ஆண்டு வெளியிட்டன. படித்து முடித்தவர் இன்று தம் பணியில் மனம் ஒன்றியிருக்கிறாரா, அவருடைய வாழ்வு நிறைவாக இருக்கிறதா என்பதே அவ்வாய்வின் நோக்கம். அதில் தெரியவந்தது நம் எண்ணத்துக்கு நேர்மாறானது. படித்த இடம் அரசினுடையதா தனியாருடையதா, பெரியதா சிறியதா, இடம் கிடைப்பதே அரிதெனப் பெயர்பெற்றதா இல்லையா என்பவை பெரிய வேறுபாடு எதனையும் உண்டாக்கவில்லை. இலாபநோக்கில் நடத்தப்பட்ட கல்லூரிகள் மட்டுமே இதற்கு விலக்கு.

அங்ஙனமாயின் வேறுபாட்டை உண்டாக்கியது யாது? ஆசிரியர்! கற்பதில் ஆர்வத்தை மூட்டிய ஆசிரியர் ஒருவரேனும் இருந்தார் என்று உறுதியாகச் சொன்னோர் நூற்றுக்கு 63 பேர். ஆசிரியர்கள் தம்மை ஒரு மனிதனாக மதித்து அக்கறை காட்டினர் என்றோர் 27 பேர். தம் இலட்சியங்களை ஊக்குவித்து வழிகாட்டியவர் ஒருவர் இருந்தார் என்றோர் 22 பேர். மூன்றும் வாய்த்தன என்று சொல்லக் கூடியவர்களோ நூற்றுக்கு 14 பேரே! இப்பேறு பெற்றவர்கள் தம் பணியில் மனம் ஒன்றி ஈடுபடும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது.

ஊக்கம் மிக்க இளைஞனுக்கே நல்லாசிரியரின் நெருக்கமும் பின்னாளில் நிறைவான பணியும் எளிதில் வாய்க்கின்றன என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. எனினும், இத்தனை ஆயிரம் பேர் தம் கல்லூரி நாள்களைத் திரும்பிப் பார்க்கையில் அவர்கள் கண்முன் நிற்பது கட்டடமன்று, ஒரு முகமே என்பதை எவரும் மறுக்கவியலாது.

அறுபது வயதைக் கடந்த பெரியவர் எவரிடமாவது அவருடைய கல்லூரி நாள்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நூலகத்தின் அளவையோ ஆய்வுக்கூடத்தின் விலையையோ அவர் சொல்லமாட்டார். 'எங்கள் கணக்குப் பேராசிரியர் ஒருவர் இருந்தார்' என்று தொடங்குவார். அவர் முகம் மலரும்.

இந்த உண்மை நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. கல்வியைத் தேடிச் சென்ற ஒரு பயணத்தைத் திருக்குர்ஆனின் 'அல்கஹ்ஃபு' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. மூஸா (அலை) அவர்கள் இறைத்தூதர்; வேதம் அருளப்பெற்றவர். அத்தகையவர், இரு கடல்கள் கூடும் இடத்தை அடையும்வரை ஓயமாட்டேன் என்று புறப்படுகிறார்கள். அவ்விடம் வெறும் அடையாளமே. அவர்கள் நாடிச் சென்றது இறைவனிடமிருந்து ஞானம் பெற்ற ஓர் அடியாரை. ஹிழ்ர் (அலை) எனப்படும் அப்பெரியாரைக் கண்டதும், 'உங்களைப் பின்தொடர்ந்து வரலாமா?' என்று பணிவோடு இசைவு கேட்கிறார்கள். ஆசான் விதித்த நிபந்தனையோ பொறுமை. சேர்க்கைக் கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், பணிவு, பொறுமை என்னும் இவ்விரு கட்டணங்களையும் மறந்துவிட்டோம் அல்லவா?

இஸ்லாமிய உலகில் கல்வி செழித்திருந்த காலத்தில் 'இஜாஸத்' என்னும் சான்றிதழை வழங்கியது நிறுவனமன்று. ஆசிரியரே தம் பெயரால் வழங்கினார். இந்நூலை என்னிடம் இவர் கற்றார், இதனைப் பிறருக்குக் கற்பிக்கும் தகுதி உடையவர் என்று அவர் பொறுப்பேற்றார். அறிஞர்களின் வரலாற்றை எழுதியோரும் ஒருவர் எங்கே படித்தார் என்பதைவிட யாரிடம் படித்தார் என்பதையே முதன்மையாகக் குறித்துவைத்தனர்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்றார்கள் என்பர். தொழும்போதெல்லாம் தம் பெற்றோருக்காக வேண்டுவதோடு தம் ஆசானுக்காகவும் இறைவனிடம் பாவமன்னிப்புக் கோரினார்கள் என்றும் கூறப்படுகிறது. அவர்களுடைய மகனின் பெயரும் ஹம்மாதே! தாம் பெற்ற கல்வியைப் பற்றி ஒரு மாணவர் வழங்கக் கூடிய தீர்ப்பு இதனினும் உயர்ந்ததாக இருக்க முடியுமா?

நம் தமிழகத்திலேயே இதன் சாயலைக் காணலாம். வேலூர் பாக்கியாத்தில் ஸனது பெற்றவர் 'பாகவி' எனவும், சென்னை ஜமாலிய்யாவில் பெற்றவர் 'ஜமாலி' எனவும், கூத்தாநல்லூர் மன்பவுல் உலாவில் பெற்றவர் 'மன்பஈ' எனவும் தம் பெயரோடு அம்மத்ரஸாவின் பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்து செல்லுகின்றனர். கலைக்கல்லூரியில் வணிகவியல் பயின்ற எவரேனும் தம் கல்லூரியின் பெயரை இவ்வாறு தம்மோடு பிணைத்துக்கொண்டதுண்டா? இங்கே நிலைத்திருப்பதும் நிறுவனத்தின் பெயர்தானே என்று சிலர் கேட்கலாம். மெய்தான். ஆனால், ஹஜ்ரத்துகளோடு ஒரே வளாகத்தில் தங்கி, உண்டு, தொழுது, கண்டிப்பும் கனிவும் ஒருங்கே பெற்று வளர்ந்தமையால் அன்றோ அப்பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது!

இதனால் உலகக் கல்வியைக் குறைத்துப் பேசுவதாக எவரும் கருதவேண்டா. அதற்காக நம் முன்னோர் புரிந்த தியாகம் சிறிதன்று. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரி, 1955-இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் மகளிர் கல்லூரி, 1971-இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எனக் கல்விக் கூடங்கள் எழுந்தன. இறுதியிற் சொன்னது, நாடறிந்த ஓர் ஆசானின் பெயரையே தாங்கி நிற்கிறது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். வள்ளல்கள் கட்டடம் தந்தார்கள். அக்கட்டடத்துள் ஆசானை நிலைபெறச் செய்வது நம் தலைமுறையின் கடமை.

அக்கடமையில் நாம் தவறிவருகிறோம் என்றே அஞ்ச வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் தற்காலிக ஆசிரியர், குறைந்த ஊதியத்தில், நிரம்பி வழியும் வகுப்பில் நின்று பாடம் நடத்திவிட்டு அடுத்த வேலையைத் தேடி ஓடுகிறார். மாணவனின் பெயரை அவர் அறிவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. அத்தகைய ஆசிரியரை அம்மாணவன் இருபதாண்டு கழித்து நினைவுகூர்வான் என்று எங்ஙனம் எதிர்பார்ப்பது? புதியதொரு நுழைவாயில் கட்டும் செலவில், நல்லாசிரியர் ஒருவரைப் பல்லாண்டு காலம் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பதை நிருவாகத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கேலப் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உயர்கல்வியை நாடிச் சென்ற அமெரிக்கர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், தம் கல்வி முடிவுகளுள் ஒன்றையேனும் மாற்றிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 36 பேர் வேறு பாடத்தையும், 28 பேர் வேறு கல்வி நிறுவனத்தையும் தேர்ந்திருப்போம் என்றனர். கல்லூரி பிடிக்கவில்லை என்றவரினும் பாடம் பொருந்தவில்லை என்றவரே மிகுதி! உறவினர் மகன் படித்தான் என்பதற்காக நம் மகனுக்கும், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நம் மகளுக்கும் பாடத்தைத் தேர்ந்து தருகிறோமே, அப்பிள்ளைகளின் உள்ளத்தை ஒரு முறையாவது கேட்டோமா?

கடனைப் பற்றியும் எண்ண வேண்டும். 2014-ஆம் ஆண்டின் ஆய்விலேயே, கல்விக் கடன் பெருகப் பெருகப் பட்டதாரிகளின் வாழ்வில் நிறைவு குன்றியதும், சொந்தத் தொழில் தொடங்கியோர் குறைந்ததும் தெரியவந்தன. வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட நம் மக்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். வட்டிக் கடனில் பிள்ளையைத் தள்ளாமல் படிக்கவைக்க, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஜக்காத் நிதியிலிருந்து தகுதியுள்ள ஏழை மாணவர்க்கு ஒரு பங்கினை ஒதுக்கினால் என்ன?

ஆகவே, அன்பர்களே, இவ்வாண்டு சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடுமுன், அக்கல்லூரியில் பட்டம் பெற்ற மூவரைத் தேடிச் செல்லுங்கள். அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். 'உன் பெயரை அறிந்த ஆசிரியர் இருந்தாரா? பாடத்தில் உனக்குச் சுவையை ஊட்டியவர் யார்? துன்பம் வந்தபோது யாரிடம் சென்றாய்?' என்று கேளுங்கள். மூவருக்கும் சொல்ல ஒரு பெயர் இருக்குமாயின், அக்கல்லூரியின் சுவர்கள் பழையனவாயினும் கவலை வேண்டா.

மாணவச் செல்வங்களே, ஆசான் உங்களைத் தேடி வரவேண்டும் என்று காத்திராதீர்கள். மூஸா (அலை) அவர்களே தேடித்தான் சென்றார்கள். ஆசிரியர் அறையின் வாயிலில் ஸலாம் கூறி நின்று ஒரு வினாவைக் கேளுங்கள். அவ்வொரு வினாவிலிருந்தே வாழ்நாள் முழுதும் நீடிக்கும் ஓர் உறவு பிறக்கக்கூடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயன் தராத கல்வியிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், அதனைப் பரிவோடு ஊட்டும் ஆசான்களையும் அருள்வானாக! ஆமீன்.