சுவரை வைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்க மாட்டோம்

கொள்கைப் பிரகடனம்

கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையார் என்று பல கூடாரங்களிலிருந்து வந்திருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் ஒரே காரியத்துக்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மனிதன் விழுந்துபோனவன், மனந்திரும்பாமல் அவனுக்கு மீட்பு இல்லை என்பது ஞானோபதேச வகுப்பிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்த பாடம். சாதி என்ற இடம் வந்ததும் மட்டும் வாத்தியார் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்கிறோம்.

எங்கள் நம்பிக்கையை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆதாம் ஒரு கெட்ட முன்மாதிரி மட்டுமே, நல்ல போதனையும் மன உறுதியும் இருந்தால் மனிதன் பாவமில்லாமல் வாழ்ந்துவிடலாம் என்ற போக்கில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் போதித்தார். அகுஸ்தீனார் அதை விடாப்பிடியாக எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தார்கள். பாவம் பார்த்துப் பழகுவது மட்டுமில்லை, பிறக்கும்போதே நம்மோடு வருகிற கோணல் என்று மேற்குத் திருச்சபை அன்றே தீர்த்துச் சொல்லிவிட்டது. பிறப்போடு வருகிற, நாம் கேட்டு வாங்காத, ஆனாலும் வளர்ந்த பிறகு தினந்தோறும் நாமே சம்மதம் கொடுக்கிற பாவம் எது என்று தமிழ்நாட்டில் யாராவது கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேதசாஸ்திரக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை.

அதனால்தான், படிப்பு வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்தக் காலத்திலிருந்து பள்ளிக்கூடம் நடத்திவருகிற சமூகம் இது. இன்றைக்குக் கிறிஸ்தவப் பத்திரிகையில் 'மணமகள் தேவை' பகுதியைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நன்கு ஜெபிக்கிற என்று தொடங்குகிற விளம்பரம், அதே மூச்சில் சாதியைச் சொல்லி, சில வேளை உட்பிரிவையும் சொல்லி, மாதச் சம்பளத்தில் வந்து முடிகிறது.

பக்தி குறைந்தவர்கள்தான் சாதி பார்க்கிறார்கள் என்ற சமாதானமும் எங்களுக்குப் போதாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை அரிது. நாங்களும் பாடுகிறோம், இனியும் பாடுவோம். அவர்தான் 1829இல், சபைக்குள் சாதி வித்தியாசத்தை ஒழிக்க முனைந்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவரும். 1833இல் கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலைவிட்டு விலகினார்கள். பின்னாளில் ஒரு பகுதியினர் சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத ஜெர்மன் லுத்தரன் மிஷனிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஆண்டவரை உருகி உருகிப் பாடுகிற இருதயமும், பக்கத்து மனிதனோடு ஒரே பாத்திரத்தில் ராப்போஜனம் எடுக்கக் கூசுகிற இருதயமும் ஒன்றாக இருக்க முடியும். விழுந்துபோன சுபாவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

வடக்கன்குளத்துக்கு வாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் அந்த ஊரில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலை ஊரார் கால்சட்டைக் கோயில் என்பார்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேருவதுபோல இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து சேரும். ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றது நாடாருக்கும் பிறருக்கும். பூசை ஒன்று, குருவானவர் ஒருவர். கொத்தனார் கற்களை அடுக்கும்போது யாரோ நூல் பிடித்து அளந்திருக்கிறார்கள், மேஸ்திரிக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள், கட்டி முடித்ததும் மந்திரித்திருக்கிறார்கள். பாவம் மனதுக்குள் மட்டும் இருக்கிறது என்று போதிக்கிறவர்கள் இந்தக் கட்டடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? 1910இல் கௌசானல் சுவாமியார் இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்புச் சுவரை இடித்தார். அதைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

தோற்றது அந்த ஒரு சுவர்தான். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் தாக்கப்பட்டார்கள். கலவரத்தில் போலீஸ் சுட்டு, தாக்கிய தரப்பில் இருவர் இறந்தார்கள். அடித்தவர், அடிபட்டவர், இறந்தவர் எல்லோரும் ஒரே ஜெபமாலை மாதாவின் பிள்ளைகள். இன்றும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. சப்பரம் தெருமுனைவரை வந்து திரும்பிவிடுகிறது. சில இடங்களில் தலித் குடும்பங்களிடம் திருவிழா வரியே வாங்குவதில்லை. தரித்திரம் பார்த்து விட்டுக்கொடுத்தார்கள் என்று புதிதாக வருகிற சாமியார் நினைத்துக்கொள்வார். வரி கொடுத்தவனுக்குக் கொடி பிடிக்கவும் சப்பரம் தூக்கவும் உரிமை வந்துவிடும் என்பதுதான் காரணம்.

இந்தப் பாவத்துக்கு நாம் எங்கே மனந்திரும்புகிறோம்? தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலிடுகிறவர் கோபப்பட்டதைச் சொல்வார், பொய் சொன்னதைச் சொல்வார். உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்கிறவர் குடியை விட்டதை, பீடியை விட்டதை, சினிமாவை விட்டதைக் கண்ணீரோடு சொல்வார், சபையே அல்லேலூயா சொல்லும். சாதியை விட்டேன் என்று சாட்சி சொல்ல எழுந்து நிற்பவரைத் தேடவேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் தன் தன் பாவத்தை மட்டும் அறிக்கையிட்டால் போதும் என்ற பழக்கம், யாருடைய தனிப்பட்ட பாவமாகவும் இல்லாத பாவத்தை எல்லோருடைய வீட்டிலும் குடிவைத்துவிட்டது. தானியேலும் நெகேமியாவும் இப்படி ஜெபிக்கவில்லை. தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த மீறுதல்களையும் சேர்த்து 'நாங்கள் செய்தோம்' என்றே அவர்கள் அறிக்கையிட்டார்கள். அந்தப் பன்மையில் எங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இந்தப் பன்மை யாரையெல்லாம் குறிக்கிறது என்பதில்தான் வரைவு எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. எல்லோரும் பாவிகள், ஆகவே எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம் என்றார்கள் சிலர். சரியான உபதேசம்தான், ஆனால் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டவரையும் மறுத்தவரையும் ஒரே வரிசையில் முழங்காலிடச் செய்கிற தந்திரமாக அது எத்தனையோ முறை பயன்பட்டிருக்கிறது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களிடம் ஒதுக்கப்பட்டதற்காக மனந்திரும்பச் சொல்வதை நாங்கள் மறுக்கிறோம். மன்னித்துவிடுங்கள் என்று அவர்களை அவசரப்படுத்துவதையும் மறுக்கிறோம். எங்களோடு இருக்கும் தலித் சகோதரர்கள், தங்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டென்றும் அதை இங்கே எழுதாமல் விட்டால் கையெழுத்துப் போடமாட்டோம் என்றும் சொன்னார்கள். எழுதிவிட்டோம். அதைச் சொல்ல மற்றவர்களுக்கு வாயில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

திருப்பிக் கொடுக்காத மனந்திரும்புதலை நாங்கள் ஏற்கவில்லை. சகேயு மரத்திலிருந்து இறங்கியதும் அழுதான் என்று லூக்கா எழுதவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகக் கொடுப்பதாகச் சொன்னான் என்றே எழுதுகிறார். லேவியராகமம் அபகரித்த பொருளோடு ஐந்தில் ஒரு பங்கு கூடக் கொடுத்துவிட்டுப் பிறகு பலியோடு வரச் சொல்கிறது. நம்மிடம் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? கல்லூரிகள், பள்ளிகள், மருத்துவமனைகள், அவற்றின் வேலைகள், நிலபுலன்கள், சேகரக் கமிட்டியிலும் டயோசிஸ் கவுன்சிலிலும் நாற்காலிகள் இருக்கின்றன. இவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு மணியடிக்கும் வேலை மட்டும் கிடைத்தது என்ற கணக்கை ஒவ்வொரு மறைமாவட்டமும் டயோசிசும் சாதிவாரியாக எடுத்து வெளியிட வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை வெளியிட்டது. அது பங்குக் கணக்குப் புத்தகம்வரை இறங்கி வரவேண்டும்.

அரசிடமும் நமக்கு நியாயம் வரவேண்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை. அதற்கான போராட்டத்தில் நாங்கள் முழுமையாக நிற்கிறோம். மதம் மாறினாலும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்று டெல்லியில் மனுக் கொடுக்கும் கை யாருடையதோ, கல்லறைச் சுவருக்கு வெள்ளையடிக்கும் கையும் அதுவாக இருக்கக்கூடாது.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுந்துபோன சுபாவம் இயக்கத்துக்கு வெளியே நின்றுவிடாது. சீர்திருத்தக்காரனின் பெருமை பழைய பாவத்துக்குப் புதுச் சட்டை. ஆகவே இங்கே நிரந்தரத் தலைவர் கிடையாது, பொறுப்புகள் ஆண்டுதோறும் கைமாறும், வரவுசெலவு யார் கேட்டாலும் காட்டப்படும். சேருகிறவர் தன் பிள்ளைகளின் திருமணத்துக்குச் சாதி பார்ப்பதில்லை என்று குடும்பத்தார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைப் பார்த்தே பலர் திரும்பிப் போவார்கள் என்று தெரியும். போகட்டும்.

முதல் வேலை நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சுவர் உள்ள தோட்டங்களில் எங்கள் உறுப்பினர்கள் தங்கள் குடும்பக் கல்லறைகளை விட்டுவிட்டு மறுபக்கத்துக் கல்லறைகளுக்குப் போவார்கள். அங்குள்ள குடும்பங்களிடம் முதலிலேயே சம்மதம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் பேசாமல் திரும்பி வருவார்கள். சம்மதித்தால் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, அவர்களோடு மந்திரிப்பில் நிற்பார்கள். அதே நாளில் சுவரை இடிக்கக் கோரும் விண்ணப்பம் பங்குச்சாமியாரிடமோ சேகர ஐயரிடமோ கொடுக்கப்படும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, நகலை ஆயருக்கு அனுப்பிவிட்டு, மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசையோ ஆராதனையோ முடிந்ததும் கோயில் வாசலில் அதை உரக்க வாசிப்போம்.