வயிறு மெத்தென்று இருந்தால் போதுமா?

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். மெத்தென்று இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. "நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். பிரச்சினை ஆரம்பிப்பதே இங்கேதான்!

கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளர் போட்டோ தைத்தோ இணைக்கிறார்கள். எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் போட்டாலும் சிலருக்கு அந்த இணைப்பு விட்டுப்போய்க் கசிகிறது. ஸ்வீடனில் 234 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், மலத்தைத் தற்காலிகமாக வயிற்றுப் பக்கம் திருப்பி விடப்பட்டவர்களில் 10.3 சதவீதம் பேருக்குக் கசிவு வந்தது. அப்படித் திருப்பாதவர்களில் 28 சதவீதம்! அபூர்வமான சங்கதி என்று ஒதுக்க முடியாது.

சரி, வயிறு ஏன் காட்டிக்கொடுப்பதில்லை? இணைப்பு இருப்பது இடுப்பெலும்புக்குள் ஆழத்தில், வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் கீழே. சீழ் அங்கேயே தேங்கிவிடும். மேலே அமுக்கினால் வலிக்காது. அதற்குள் நாடி வேகமாகும், மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். உடனே இதய டாக்டரைக் கூப்பிடுவார்கள். இதயத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும், கீழே கசிவு பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் சி.ஆர்.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை கை கொடுக்கிறது. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பழைய புரதம்தான். எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் இது ஏறும். இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வந்த அலசல் ஒன்று, லிட்டருக்கு மூன்றாம் நாள் 172 மில்லிகிராம், நான்காம் நாள் 124 என்று எல்லை போட்டது. அதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று ஏறக்குறைய 97 சதவீதம் நம்பலாம். மேலே போனால் கசிவு என்று அர்த்தமில்லை, நுரையீரல் தொற்றாகவும் இருக்கலாம். 'இல்லை' என்று சொல்வதில் கெட்டிக்காரச் சோதனை, 'இருக்கிறது' என்று சொல்லத் தெரியாது. ஆனால் இறங்க வேண்டிய நாளில் ஏறினால் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பத்தான் வேண்டும். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் ஆளைக் கவனிப்பதை விட்டுவிடக் கூடாது.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியலே போட்டார்கள். மூச்சு எண்ணிக்கை, நாடி, சிறுநீர் அளவு, நோயாளி குழம்புகிறாரா என்பதையெல்லாம் தினமும் குறித்தார்கள். கசிவைக் கண்டறிவதில் இருந்த தாமதம் 4 நாளிலிருந்து 1.5 நாளாகக் குறைந்ததாக 2009-இல் எழுதினார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை, ஒரு தாளும் பேனாவும்தான். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நிஜமாகவே எண்ணாமல் தினமும் '18' என்று எழுதி வைக்கும் வார்டில் மட்டும் இது உதவாது.

இன்னொன்று, இப்போதெல்லாம் ஐந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கசிவோ ஒரு வாரம் கழித்தும் தலைகாட்டும். அனுப்பும் முன் ஒரு சி.ஆர்.பி. பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பெயர்களுக்கு மேலே, மூச்சு வாங்கினாலோ படபடத்தாலோ ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிட ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் எடுத்துப் பேசவும் ஆள் வேண்டும்.