மீன்களையும் கணக்கில் சேருங்கள்!



ஒரு விடுகதை சொல்கிறேன். விடை தெரிகிறதா, பாருங்கள். எரிக்க நிலக்கரி வேண்டாம், புகை வராது, சாம்பல் விழாது. மேகம் மூடினாலும் பொய்க்காது. காற்று ஓய்ந்தாலும் ஓயாது. ஆனாலும் மின்சாரம் தரும். அது என்ன?

சூரிய சக்தி, காற்றாலை என்று சிலர் சொல்லியிருப்பீர்கள். இரண்டும் இல்லை. விடை, கடல் ஓதம்!

அலை வேறு, ஓதம் வேறு. அலையை எழுப்புவது காற்று. ஓதத்தை எழுப்புவது நிலவும் சூரியனும். அவற்றின் ஈர்ப்பால் கடல் நீர் மட்டம் மெல்ல மெல்ல ஏறும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். பெரும்பாலான கடற்கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு முறை ஏற்றமும் இரண்டு முறை இறக்கமும் நடக்கும். அடுத்த ஆண்டு எந்த நாளில், எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்பதை இன்றே அட்டவணை போட்டுவிடலாம். சூரிய ஒளியையும் காற்றையும் அப்படிச் சொல்ல முடியுமா?

மின்சாரம் எப்படி வருகிறது?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கடலும் ஆறும் கலக்கும் முகத்துவாரத்தின் குறுக்கே அணை கட்டுவது. நம் ஊர் ஏரிகளில் மதகு இருக்கிறதல்லவா? அதுபோல இந்த அணையிலும் கதவுகள் இருக்கும். கடல் ஏறும்போது நீரை உள்ளே விட்டு, கதவை மூடிவிடுவார்கள். கடல் இறங்கியதும் உள்ளே நிற்கும் நீரைச் சுழலிகள் வழியாக வெளியே பாய விடுவார்கள். சுழலி சுற்றும்; மின்சாரம் பிறக்கும்.

இரண்டாவது வழியில் அணை கிடையாது. ஓத நீரோட்டம் வேகமாகப் பாயும் இடத்தில், நீருக்குள் காற்றாலை போன்ற சுழலியை நிறுத்திவிடுவார்கள்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! "புகையில்லாத மின்சாரம் என்றால் இயற்கைக்குக் கேடு இல்லாத மின்சாரம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, குழந்தைகளே. இரண்டும் ஒன்றல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவிலேயே ஓதம் மிக உயரமாக எழும் இடம் குஜராத்தின் காம்பே வளைகுடா. அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 11 மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். மூன்று மாடி உயரம்! பக்கத்தில் உள்ள கட்ச் வளைகுடாவில் சுமார் 8 மீட்டர். நம் சென்னைக் கடற்கரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சென்னை ஐ.ஐ.டி. 2014ஆம் ஆண்டு பங்கேற்ற ஓர் ஆய்வு, இந்தியக் கடல்களின் ஓதத்திலிருந்து 12,455 மெகாவாட் மின்சாரம் எடுக்க வாய்ப்பு உண்டு என்று மதிப்பிட்டது.

இரண்டு திட்டங்கள் கையில் எடுக்கப்பட்டன. ஒன்று, 2007ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில், துர்காதுவானி என்ற ஓடையில் 3.75 மெகாவாட் திட்டம். மற்றொன்று, 2011ஆம் ஆண்டு கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் திட்டம். இரண்டுமே கைவிடப்பட்டன. காரணம், செலவு. துர்காதுவானியில் ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்தது.

சுந்தரவனம் புலிகள் வாழும் அலையாத்திக் காடு. கட்ச் வளைகுடாவின் தென்கரையில் இருப்பது 1982ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, இந்தியாவின் முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. "திட்டம் நின்றது, இயற்கை பிழைத்தது" என்று நாம் மகிழ்ந்துவிடலாமா?

அப்படி மகிழ என்னால் முடியவில்லை. அவற்றைத் தடுத்து நிறுத்தியது ரூபாய்க் கணக்கு. ரூபாய்க் கணக்கு மாறக்கூடியது. சூரிய ஒளித் தகடு ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்தது. இன்று வீட்டு மொட்டை மாடிகளுக்கே வந்துவிட்டது. அதுபோல ஓத மின்சாரக் கருவிகளும் ஒருநாள் மலிவாகலாம். அன்றைக்கு மீனையும் பறவையையும் காப்பது எது? ரூபாய்க் கணக்குக்குப் பக்கத்தில் இயற்கையின் கணக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

பிரான்சு நாட்டில் ரான்ஸ் என்ற ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 1966ஆம் ஆண்டு 240 மெகாவாட் ஓத மின் நிலையம் திறக்கப்பட்டது. 24 சுழலிகள்! உலகமே வியந்தது. ஆனால் அதைக் கட்டுவதற்காக, 1963 முதல் சுமார் மூன்றாண்டுகள் அந்த முகத்துவாரத்தைக் கடலிலிருந்து அடைத்து வைத்தார்கள். உப்பின் அளவு மாறியது, சேறு படிந்தது. அங்கே வாழ்ந்த கடல் உயிர்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. மீண்டும் உயிர்கள் பெருகி ஒரு நிலைக்கு வரச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. முன்பிருந்த சில மீன் வகைகள் குறைந்துபோயின. வேறு சில மீன்கள் வந்து சேர்ந்தன. அந்த நிலையம் இன்றும் மின்சாரம் தருகிறது. ஆனால் பழைய முகத்துவாரம் அப்படியே திரும்பவில்லை.

அந்தப் பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு திட்டத்தால் இயற்கைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற சட்டம் அக்காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம்தான் அதற்கு வழிகாட்டியது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டு அப்படியோர் அறிவிக்கை வந்தது. 2006ஆம் ஆண்டு அது விரிவாக்கப்பட்டது.

கனடாவின் அன்னபோலிஸ் ராயல் என்ற ஊரில் 1984ஆம் ஆண்டு 20 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு ஒரு திமிங்கிலம் திறந்திருந்த மதகு வழியாக உள்ளே நீந்தி வந்து, வெளியேற வழி தெரியாமல் சில நாள்கள் தவித்தது. சுழலியில் சிக்கி மீன்கள் இறப்பதும் பெரிய கவலையாக இருந்தது. 2019ஆம் ஆண்டு அந்த நிலையம் நின்றது.

இனி நல்ல செய்தியும் கேளுங்கள். வடக்கு அயர்லாந்தில் ஸ்ட்ராங்ஃபோர்டு என்ற கடல் நுழைவாயிலில் 2008ஆம் ஆண்டு 1.2 மெகாவாட் சுழலி ஒன்றை நிறுத்தினார்கள். அணை இல்லை. அங்கே கடல்நாய்கள் வாழ்கின்றன. ஆகவே, சுழலியை வைப்பதற்கு முன்பே அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். வைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். கடல்நாய் நெருங்கி வந்தால் சுழலியை உடனே நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். பெரிய தீங்கு தென்படவில்லை. கடல்நாய்கள் சற்று விலகிச் செல்லப் பழகிக்கொண்டன. வேலை முடிந்ததும், 2019ஆம் ஆண்டுக்குள் அதை முழுவதுமாக அப்புறப்படுத்திவிட்டார்கள்.

தென்கொரியாவின் சிஹ்வா ஏரியின் கதை இன்னும் வியப்பானது. 1994ஆம் ஆண்டு கடலை மறித்து நீண்ட சுவர் எழுப்பியதால், உள்ளே அடைபட்ட நீர் கெட்டுப்போனது. 2011ஆம் ஆண்டு அந்தச் சுவரிலேயே 254 மெகாவாட் ஓத மின் நிலையம் அமைத்தார்கள். கடல் நீர் மறுபடியும் உள்ளே வந்து போகவே, ஏரியின் நீர் தெளிந்தது. ஆக, ஓத மின்சாரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில், எந்த முறையில், எவ்வளவு கவனத்தோடு என்பதுதான் கேள்வி.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைப் பார்த்திருக்கிறீர்களா? பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் கையை நிறுத்திவிடுவார். அறுந்த இழையை முடிந்த பிறகுதான் மேலே நெய்வார். "ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே" என்று விடமாட்டார். ஸ்ட்ராங்ஃபோர்டில் செய்ததும் அதுதான்.

நம் கடலுக்கு வந்தால்?

நான் சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வு, வாய்ப்புள்ள இடங்களில் பாக் விரிகுடா, மன்னார் கால்வாய்ப் பகுதியையும் குறிப்பிட்டது. அங்கே யார் யார் வாழ்கிறார்கள் தெரியுமா? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ஆம் ஆண்டு கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ள இடம் அது. கடற்புல்லை மேயும் கடற்பசுவுக்காக, 2022ஆம் ஆண்டு தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அதே கடலை நம்பித்தான் ஆயிரக்கணக்கான மீனவர் குடும்பங்களும் வாழ்கின்றன.

அங்கே ஒரு திட்டம் வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

1. இப்போது அங்கே என்னென்ன உயிர்கள், எத்தனை உள்ளன? குறைந்தது எல்லாப் பருவங்களிலும் எண்ணிப் பார்த்தீர்களா?

2. நீரோட்டமும் சேறும் உப்பும் மாறினால் யாருக்கு உணவு போகும்? யாருக்கு வழி அடைபடும்?

3. முதலில் ஒரே ஒரு சிறிய சுழலியை வைத்துப் பார்ப்பீர்களா?

4. தீங்கு தெரிந்தால் நிறுத்துவீர்களா? நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும்?

முதல் கேள்விதான் மற்ற மூன்றுக்கும் அடிப்படை. பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் உயரத்தையும் எடையையும் அளந்து குறிக்கிறார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், ஆண்டு முடிவில் நீங்கள் வளர்ந்தீர்களா, இளைத்தீர்களா என்று எப்படித் தெரியும்? கடலுக்கும் அப்படித்தான். முன்பு எண்ணாதவர், பின்பு "எதுவும் குறையவில்லை" என்று சொன்னால் நம்ப முடியாது.

"நிலக்கரியை விட நல்லதுதானே?"

சுட்டியான மாணவர் ஒருவர் இப்படிக் கேட்பார். நியாயமான கேள்வி. நிலக்கரிப் புகையால் பூமி சூடாகிறது, கடலும் சூடாகிறது, சூடு தாங்காமல் பவளப் பாறைகள் வெளுத்துச் சாகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த செய்திகளையும் படித்திருப்பீர்கள். எனவே புதிய வழிகளைத் தேடத்தான் வேண்டும். ஆனால், ஒரு தவற்றைத் திருத்தப் போய், அதே அவசரத்தில் இன்னொரு தவற்றைச் செய்யக்கூடாது. ஒரு தீமையைவிடச் சிறியது என்பதாலேயே ஒன்று நன்மை ஆகிவிடாது.

கடல் இல்லாத ஊருக்கு என்ன கவலை?

நான் வசிக்கும் வாலாஜாபாத்தில் கடல் இல்லை. பாலாறு இருக்கிறது. அந்த ஆற்றில் மணல் அள்ளியபோது, மணலுக்கு அடியில் இருந்த தண்ணீரை யார் கணக்கில் எழுதினார்கள்? ஒரு லாரி மணலுக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். கிணற்றில் இறங்கிப்போன தண்ணீருக்கு என்ன விலை என்று எவருக்கும் தெரியவில்லை.

அதோடு, நம் வீட்டு விளக்கு எரிவது எங்கோ நெய்வேலியிலோ, கல்பாக்கத்திலோ, முப்பந்தலிலோ உற்பத்தியாகும் மின்சாரத்தால்தான். சுவிட்சைப் போடுபவர் ஓரிடத்தில் இருக்கிறார். நிலத்தையும் நீரையும் கொடுப்பவர் வேறிடத்தில் இருக்கிறார். பயன் பெறுகிற நாம்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

கேட்க வழியும் இருக்கிறது. பல பெரிய திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியிலும் தரப்பட வேண்டும். கடல் ஓதத் திட்டம் எது வந்தாலும், சிறியதோ பெரியதோ, இந்த வழியில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கூட்டத்தில் வலை போடும் மீனவரின் பேச்சும் பொறியாளரின் பேச்சுக்குச் சமமாக எழுதப்பட வேண்டும். எந்த மாதத்தில் எந்த மீன் எந்த வழியாக வரும் என்பது அவருக்குத்தானே தெரியும்!

கூட்டத்தில் பேச நீங்கள் இன்னும் வளர வேண்டும். ஆனால், எண்ணுவதற்கு வயது தேவையில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரியில், குளத்தில், கடற்கரையில் இன்று என்னென்ன பறவைகள், எத்தனை என்று எழுதுங்கள். தேதியையும் நேரத்தையும் மறக்காமல் குறியுங்கள். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில், பெரியவர்கள் துணையோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

நாளைக்கு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து, "இங்கே ஒன்றும் இல்லை, வெறும் சேறுதான்" என்று யாராவது சொல்லலாம். அப்போது நீங்கள் அந்த நோட்டைத் திறந்து காட்டலாம். "வெறும் சேறு இல்லை, ஐயா. இத்தனை கொக்கு, இத்தனை உள்ளான், இத்தனை நாரை. இதோ, தேதியோடு இருக்கிறது!" என்று சொல்லலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவீர்கள்தானே?