ஒரு மணி நேர வானம்



ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ள உங்களில் பலருக்கு ஆசை. அப்பாவிடம் அடம்பிடித்து பெயின்ட் டியூப்கள் வாங்கியாகிவிட்டது. மலை, அருவி, சூரியன், மயில் எல்லாம் சேர்த்து முதல் படமே பெரிதாக ஆரம்பித்தாயிற்று. மூன்றாம் நாள் மயில் வாத்து மாதிரி தெரிகிறது. “எனக்கு வராது” என்று பெட்டி பரண் மேல் போய்விடுகிறது. சரிதானே?

இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1776ல் பிறந்தவர். அப்பாவுக்கு மாவு மில் தொழில். இளம் வயதில் காற்றாலையில் வேலை பார்த்தபோதே வானத்தைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. காற்று எப்போது திரும்பும் என்று தெரியாமல் காற்றாலையை ஓட்ட முடியாதே!

1821ல் அவருடைய ‘ஹே வெய்ன்’ என்ற ஓவியம் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஆறடி அகலம்! ஆற்றில் நிற்கும் வண்டியும், மேலே மேகங்களும். இன்றும் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தைப் போட்டவர், அதே ஆண்டில், 45 வயதில், என்ன செய்தார் தெரியுமா? லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து மேகம் போட்டுப் பழகினார்!

மரம் இல்லை, வீடு இல்லை. பல படங்களில் வெறும் வானம்தான். கையடக்கமான தாளில் ஆயில் பெயின்ட். மேகம் நமக்காக நிற்குமா? ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முடித்ததும் தாளின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஒரு தாளில் 1821 செப்டம்பர் 11, காலை 10 முதல் 11 வரை என்று இருக்கிறது. அன்று இரவு மழை பெய்ததும் அதிலேயே இருக்கிறது. மழை பெய்த பிறகு மறக்காமல் தாளை எடுத்து எழுதியிருக்கிறார், பாருங்கள்! 1822ல் சுமார் 50 வானம் போட்டதாக நண்பருக்குக் கடிதமும் எழுதினார்.

இவை விற்பதற்கோ சுவரில் மாட்டுவதற்கோ போட்டவை அல்ல. அதனால்தான் ஒன்று கெட்டால் அவருக்குக் கவலை இல்லை. நாளைக்கு இன்னொரு வானம் வரும்.

சரி, பரணில் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். வெள்ளை, பழுப்பு, இரண்டு டியூப் போதும். ஜன்னல் ஓரம் ஓர் எலுமிச்சம்பழம். போஸ்ட் கார்டு அளவு கெட்டி அட்டை. சும்மா தாளில் பூசினால் எண்ணெய் நாளடைவில் தாளைக் கெடுத்துவிடும். முதலில் வெள்ளை பிரைமர் பூசிக் காயவிடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம், அதை மட்டும் பாருங்கள். பிரஷ் கழுவ டர்பன்டைன் எடுக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். ஆயில் பெயின்ட் காயப் பல நாள் ஆகும். ஈரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும். பின்பக்கம் தேதி, நேரம் எழுதி, தம்பி கை படாத இடத்தில் காய வையுங்கள். மறுநாள் வேறு அட்டை, அதே எலுமிச்சை. பத்தாவது அட்டை முடிந்ததும் முதல் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கான்ஸ்டபிளின் மகள் இசபெல், அப்பாவின் இத்தகைய பயிற்சிப் படங்கள் பலவற்றை 1888ல் லண்டன் மியூசியம் ஒன்றுக்குக் கொடுத்தார். அங்கே அவை இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்